அடிப்பிடித்த பால்

போன வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதத்தில் ஒரு காலை, என் கணவர் "காபி ஆச்சா?" என்று கேட்டார். "சர்வர் டவுன் சார், மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுப்பில் பால் அடிப்பிடித்து, நாற்றம் வாசல் திண்ணை வரை போயிருக்கிறது. எனக்கு மட்டும் மூக்கு வேலை செய்யவில்லை. மாமியார் வந்து அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேலாக்கப் பார்த்தா ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்.

நான் வங்கி அதிகாரி. பத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு அதிகாரியானவள். எங்கள் உலகத்தில் பதவி உயர்வு தேடி வந்தால் வேண்டாம் என்று ஒதுங்கி, கவுன்ட்டரிலேயே ஓய்வு பெறுகிறவர்கள் நிறைய உண்டு. ஊர் மாற்றிவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தவிர, என் நாத்தனார் வீட்டுக்காரர் மேனேஜர் ஆன வருஷம் அது. குடும்ப கௌரவம் குறுக்கே நின்றது. பரீட்சை எழுதித் தொலைத்தேன்.

கவுன்ட்டரில் நான் ராணி. பணம் எடுக்க வருகிற பெரியவர், செலானோடு சேர்த்து மருமகள் மீதான குற்றப்பத்திரிகையையும் தாக்கல் செய்துவிட்டுப் போவார். பின்னால் வரிசை பல்லைக் கடிக்கும். சாயங்காலம் மூன்று ரூபாய் உதைத்தால் எல்லோரும் பையிலிருந்து போட்டு மூடப் பார்ப்பார்கள், நான் விடமாட்டேன். எட்டு மணியானாலும் அந்த மூன்று ரூபாயைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். களைப்பு உண்டு. ஆனால் வீட்டுக்குப் போய் ரசம் வைக்கத் தெம்பு மிச்சம் இருக்கும்.

அதிகாரி நாற்காலியில் குஷன் உண்டு, இன்சூரன்ஸ் டார்கெட்டும் உண்டு. டெபாசிட் முதிர்ந்து பணம் எடுக்க வருகிறவர்களை அப்படியே பாலிசிப் பக்கம் திருப்ப வேண்டும். நான் முதலில் திருப்பப் பார்த்தது அறுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவரை.

"அஞ்சு வருஷம் கட்டினாப் போதும் பாட்டி. பத்தாம் வருஷம் மொத்தமா வரும்."

"யாருக்கு வரும்?"

"உங்களுக்குத்தான்."

"நான் இருப்பேனா?"

"இல்லைன்னா வாரிசுக்கு வரும். இன்னும் கூடவே வரும்."

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் போனாத்தான் லாபங்குறே. என் மருமவ சொல்லி அனுப்பிச்சாளா?"

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. "பேசாம மறுபடி டெபாசிட்லயே போட்டுடுங்க. வயசானவங்களுக்கு அரை பர்சென்ட் கூடத் தர்றோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்பினேன். சொந்த வங்கியின் டெபாசிட்டையே கஞ்சா விற்கிற மாதிரி விற்ற ஒரே அதிகாரி நானாகத்தான் இருப்பேன்.

டார்கெட் என்னவோ விடுவதாக இல்லை. என் பெயரில் ஒரு பாலிசி எடுத்தேன். கணவர் பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. எங்கள் குடும்பத்தில் யார் தும்மினாலும் ஒரு கம்பெனி கவலைப்பட்டது. சம்பளம் ஒரு கதவு வழியாக வந்து பிரீமியமாக மறு கதவு வழியாகப் போயிற்று. அந்தக் காலத்தில்தான் பால் அடிப்பிடித்தது.

மேலிடம் எங்களைக் கைவிடவில்லை. மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம் வைத்தார்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்று 2015 செப்டம்பரிலிருந்து நடைமுறை. பயிலரங்கம் ஒரு இரண்டாவது சனிக்கிழமை.

பயிற்சியாளர் நல்ல மனிதர், உண்மையாகவே படித்திருந்தார். 'பர்ன் அவுட்' என்ற சொல்லை 1974இல் மனநல ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏற்றியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்றார். பகலில் தன் தொழில், ராத்திரியில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு. அங்கே விழுந்து விழுந்து வேலை செய்தவர்கள்தான் முதலில் கருகினார்களாம், அவரையும் சேர்த்து. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடித்த வேலையைச் செய்தால் களைப்பே வராது என்று வாட்ஸப்பில் தினம் குட்மார்னிங்கோடு அனுப்புகிறார்களே, அவர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு கலிஃபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக் வந்தார், ஸ்லைடில். வேலைக்கும் ஆளுக்கும் பொருத்தம் கெடுகிற இடங்கள் ஆறு என்று அவரும் மைக்கேல் லீட்டரும் பிரித்திருக்கிறார்கள்: வேலைப் பளு, நம் கையில் உள்ள அதிகாரம், பலன், கூட இருப்பவர்கள், நியாயம், விழுமியம். நாம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், உத்தியோகத்துக்கு ஒன்றுகூடப் பார்ப்பதில்லை. வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று இதற்கென்றே ஒரு அதிகாரம் வைத்தார். அது 52ஆவது அதிகாரமாகப் போய்விட்டது. யாரும் அதுவரை படித்துக்கொண்டு வருவதில்லை.

"உங்கள் விழுமியங்களையும் பலங்களையும் எழுதுங்கள்" என்று தாள் கொடுத்தார்கள். பக்கத்து சீனியர் மேனேஜர் என் காதில், "விழுமியம்னா என்ன மேடம், விழுந்துடுமா?" என்றார். எங்களுக்கு மதிப்பு என்றால் கிராமுக்கு எவ்வளவு என்பதுதான். அறை முழுக்க 'நேர்மை, உழைப்பு, குடும்பம்' என்று எழுதியது. நான் யோசித்துவிட்டு, 'தேவையில்லாததைக் கிழவிகள் தலையில் கட்டக் கூடாது. கிழவர்கள் பேசினால் கேட்கப் பிடிக்கும். மூன்று ரூபாயைக் கண்டுபிடிப்பேன்' என்று எழுதினேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, காப்பியடிக்கிற உத்தேசத்தைக் கைவிட்டார்.

எனக்கு ஒட்டிக்கொண்டது கடைசி ஸ்லைடு. ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இருவர் 2001இல் எழுதிய கட்டுரை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், யாரும் சொல்லாமலே நோயாளிகளோடு பேசுவது, வந்தவர்களுக்கு வழிகாட்டுவது என்று தங்கள் வேலையைத் தாங்களே திருத்தித் தைத்துக்கொண்டார்களாம். ரெடிமேட் ரவிக்கையை அளவுக்குப் பிடிக்கிற மாதிரி.

திங்கட்கிழமை எங்கள் கிளையின் இளம் அதிகாரியைப் பிடித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வந்த பையன். பைக் லோன் கேட்டு வந்தவரைக் கார் லோனோடு அனுப்புவான். அதோடு, வாங்க வக்கு இருக்கிறவரிடம்தான் விற்பான். ஆனால் நவம்பர் வந்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வருகிற மாதம் அது. 2014இலிருந்து விரல் ரேகை வைத்தும் கொடுக்கலாம். ஐம்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த, களை பறித்த விரல்களில் ரேகை ஏது? ஆள் எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார், இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. ஒரு பெரியவர், "விடு தம்பி, என் சம்சாரமும்தான் ஒத்துக்கிறதில்லை" என்றார். பையன் போய் ஸ்ட்ராங் ரூமில் ஒளிந்துகொண்டான்.

"உன் கிழவர்களை எனக்குக் கொடு, என் பாலிசிகளை நீ எடுத்துக்கோ" என்றேன். "நிஜமாவா மேடம்?" என்று எழுந்தே நின்றுவிட்டான். கிளையின் மொத்தக் கணக்கு குறையாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் மேனேஜர்.

அந்த நவம்பரில் இரண்டு வாரம் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்பினேன். விரலைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, நாலாம் தரம் வைத்தால் பச்சை விளக்கு எரியும். எரிந்ததும் பெரியவர்கள் பாஸான பிள்ளை மாதிரி சிரிப்பார்கள். தொண்டை கட்டியது, முட்டி வலித்தது. ஃப்ராய்டன்பெர்கர் நினைவு வந்தபோதெல்லாம் ஐந்து நிமிஷம் வெளியே போய் டீ குடித்தேன். பால் ஒழுங்காகப் பொங்கியது. மாமியார் மட்டும், "புதுசா ஏதும் பாலிசி எடுக்கலையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

பதினாலு மாதம் இப்படி ஓடியது. போன மாதம் பையனுக்கு மாறுதல். பதிலுக்கு வந்தவர் என் வயதுக்காரர், சாது. முதல் நாளே காபி வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன்: "சார், பென்ஷன்காரங்கன்னா உங்களுக்கு எப்படி?"

அவர் முகம் மலர்ந்தது. "உயிர் மேடம்! நாள் பூரா அவங்களோட உட்கார்ந்திருக்கச் சொன்னாலும் இருப்பேன். இந்த இன்சூரன்ஸ் விக்கிறதுதான் நமக்கு ஆகாது."