படிமூடி மேம்பாட்டாளர்

பணி ஓய்வுக்குப் பின் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் திரியும் மக்களுள் ஊர் பார்ப்பவர், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர், பனிக்கு அஞ்சித் தெற்கே வெயிலைப் பார்த்து வருபவர் எனப் பல பிரிவினர் உண்டு. இவற்றுள் எதிலும் அடங்காமல், தாம் ஏறிவந்த வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவரும் உளர். படுக்கை, அடுப்பங்கரை, குளியலறை எனக் குடும்பத்துக்கு வேண்டிய யாவும் உள்ளடங்கிய பேருந்தாகிய மோட்டார் ஹோமைப் பிறர் பயணத்துக்கான கருவி எனக் கொள்ள, இவர் அதை முடிவுறாத ஒரு வேலையாகவே கொள்கிறார். அவ்வேலையின் உச்சம் வாயிற்படியை மூடும் நகரும் பலகையில் வெளிப்படுவதால், இவரைப் படிமூடி மேம்பாட்டாளர் என அழைப்பது பொருந்தும்.

படிமூடி இன்னதென முதலில் விளக்குதல் தகும். டீசல் என்ஜினைப் பின்புறத்தில் கொண்ட பெரிய மோட்டார் ஹோம்கள் பலவற்றில் வாயிற்கதவு முன் அச்சுக்கும் முன்னால், வலப்பக்கத்தில் அமைகிறது. சாமான் அறைகளுக்கு மேலே தளம் உயர்ந்து நிற்பதால் உள்ளே ஏறுவதற்குப் படிகளோடு கூடிய பள்ளம் ஒன்று தேவைப்படுகிறது. அப்பள்ளம் ஓட்டுநருக்கு வலப்புறம் உள்ள இருக்கையின் முன்னே வாய் திறந்து கிடப்பதால், அங்கு அமர்பவர், அதாவது பெரும்பாலும் மேம்பாட்டாளரின் மனைவியார், கால்களை அந்தரத்தில் தொங்கவிட்டபடியே மாநிலம் விட்டு மாநிலம் கடக்க நேர்கிறது. இக்குறையைப் போக்க, ஸ்விட்சை அழுத்தியதும் நகர்ந்துவந்து பள்ளத்தை மூடித் தானே தளமாகிவிடும் பலகை ஒன்றைப் பொருத்தியிருப்பர். வண்டி ஓடும்போது மூடியும் நிற்கும்போது திறந்தும் இருப்பதைத் தவிர அதற்கு வேறு கடமை இல்லை. அக்கடமையை அது ஓரளவு ஒழுங்காகவே செய்துவருகிறது என்பதுதான் மேம்பாட்டாளரால் பொறுத்துக்கொள்ள இயலாத செய்தி.

தம் முயற்சிக்கு மரபின் துணை உண்டு என்பதை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். 1963 ஜூலை 20 அன்று மெய்ன் மாநிலத்து ஹிங்க்லியில் முழுச் சூரிய கிரகணம் காண்பதற்கு இத்தகைய வண்டிகளில் வந்து கூடிய 26 குடும்பத்தார் அங்கேயே ஒரு சங்கத்தை நிறுவினர். குடும்ப மோட்டார் கோச் சங்கம் என்னும் பெயரில் வளர்ந்து இன்றும் இயங்குவது அதுவே. இரண்டு நிமிடம்கூட நீடிக்காத கிரகணத்துக்கு வந்தவர்கள் பல்லாண்டு நிலைக்கும் சங்கத்தோடு திரும்பியது எப்படி எனக் கேட்டால், அவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்த நேரத்தைவிட ஒருவர் வண்டியின் அடிப்பகுதியை மற்றவர் குனிந்து பார்த்த நேரமே மிகுதியாக இருந்திருக்கும் என்பது மேம்பாட்டாளரின் துணிபு. ஆடம்பர மோட்டார் ஹோம்களுக்கு உடற்கூடு வழங்கும் கியூபெக்கின் ப்ரெவோ நிறுவனத்தை 1924இல் தொடங்கியவர் யூஜின் ப்ரெவோ என்னும் மரச்சாமான் தச்சர் என்பதையும் அவர் விடாமல் எடுத்துரைப்பார்; பிளைவுட் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டிய வேளைகளில் இது மிகவும் பயன்படுகிறது.

படிமூடியில் கைவைப்பதற்கான காரணம் பெரும்பாலும் அவருடைய முந்தைய மேம்பாட்டிலிருந்தே பிறக்கிறது. முந்தைய ஆண்டில் அவர் வண்டியின் கம்பளத்தைப் பெயர்த்தெறிந்து தரை ஓடு பதித்திருப்பார். படிமூடியும் தளத்தின் ஒரு பகுதியே என்பதால் அதன்மேலும் ஓட்டை ஒட்டியிருப்பார். கம்பளம் அமுங்கிக் கொடுக்கும், ஓடு கொடுக்காது. ஆகையால் மூடி தான் ஒதுங்கவேண்டிய இடுக்கினுள் நுழைய மறுத்துப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உற்பத்தியாளர்கள் ஒன்றையும் தொலைநோக்கோடு செய்வதில்லை என்று அவர் வருந்துவது இத்தருணத்தில்தான். இடுக்கை அகலப்படுத்துதல், பலகையை மெலிதாக்குதல், மெலிந்த பலகை வளையாதிருக்க அடியில் அலுமினியச் சட்டம் இறுக்குதல், சட்டத்தால் கூடிய உராய்வைக் குறைக்க வழுவழுப்பான பாலிஎதிலீன் பட்டைகளைப் பதித்தல் எனப் பணிகள் ஒன்றையொன்று ஈன்று பெருகுகின்றன.

மூடியை நகர்த்தும் ஆற்றல் எது என்பதில் மேம்பாட்டாளர்கள் இரு நெறியினராகப் பிரிந்து வாதிடுவர். காற்று நெறியினர், பிரேக்குக்காக என்ஜின் திரட்டிவைக்கும் அழுத்தக் காற்றில் சிறிது பெற்று, உருளைக்குள் ஒரு தண்டைத் தள்ளச்செய்து மூடியை இயக்குபவர். 2 அங்குல விட்டமுள்ள உருளைக்குள் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தமுள்ள காற்று புகுந்தால் 300 பவுண்டுக்கு மேற்பட்ட விசை எழும் என்பது எளிய கணக்கு. காலுக்கு இதமளிக்கப் பிறந்த பலகை காலையே நசுக்கும் வலிமை பெறுகிறது. ஆகவே காற்றை மெல்ல விடும் வால்வு ஒன்றும், வண்டி நின்ற இரவில் காற்று கசிந்து மூடி தளர்வதைத் தடுக்கத் தாழ்ப்பாள் ஒன்றும் வேண்டியனவாகின்றன. மின் நெறியினர் 12 வோல்ட் மோட்டாரால் சுழலும் திருகுத் தண்டைப் போற்றுபவர். அது நின்ற இடத்தில் அசையாது நிற்கும் என்பது அதன் பெருமை. மூடிய நிலையில் மோட்டார் பழுதானாலும் அவ்வாறே அசையாது நிற்கும் என்பதும், அப்போது உள்ளிருப்பவர் அவசர வழியாக அமைந்த சன்னலைப் பற்றிச் சிந்திக்க நேரும் என்பதும் அந்நெறி நூல்களில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. படியில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கையில் மூடி நகர்ந்தால் அவர் முழங்காலில் அடிபடும் என்பது மெய்யான ஆபத்தே. எனவே கதவு திறந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச், மூடி எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் எல்லை ஸ்விட்ச், சாவி போட்டால் மட்டும் இயங்கவிடும் ரிலே ஆகியவற்றை மேம்பாட்டாளர் வரிசையாக இணைக்கிறார். இவை அனைத்தும் ஒருங்கே இசைந்தாலன்றி மூடி அசையாது. அனைத்தும் ஒருங்கே இசைவது அரிது. எவரையும் காயப்படுத்தாத மூடியை உருவாக்கும் நோக்கம் இவ்வாறு முழுமையாக நிறைவேறுகிறது. வாசலில் காத்து நிற்கும் விருந்தினரிடம் இன்ன ஸ்விட்ச் இன்ன காரணத்தால் இசையவில்லை என்று உள்ளிருந்தபடியே அவர் விளக்கும் விளக்கம் தெளிவானது, நீளமானது.

இத்தனையும் மனைவியாரின் கால்களுக்காகவே நடைபெறுவதாக அவர் உளமார நம்புகிறார். அக்கால்களுக்கு உரியவரோ, திருப்பணி நடக்கும் மாதங்களில், துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்து மேற்படியில் வைத்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாகப் புத்தகம் படித்து வருகிறார். கூடைக்குக் காற்றும் வேண்டா, மின்சாரமும் வேண்டா; இறங்கும்போது ஒரு கையால் தூக்கிவிடலாம். கணவர் இதை அறியாதவர் அல்லர். ஃபியூஸ் இல்லாத பொருளைத் தீர்வாக ஏற்க அவருடைய அறிவு இடம்கொடுப்பதில்லை என்பதே உண்மை. அம்மையாரும் தம் கால் சுகமாக உள்ளது என்று சொல்லிவிடுவதில்லை. சொன்னால் கணவரின் பார்வை அடுத்துச் சமையல் அடுப்பின்மேல் விழும் என்பதை இல்லற அனுபவம் அவருக்கு உணர்த்தியிருக்கிறது.

பணி முற்றுப்பெற்றதும் அரங்கேற்றம் நிகழ்கிறது. அரிசோனாப் பாலைவனத்துக் குவார்ட்ஸைட் ஊரை ஒட்டிய நடுவண் அரசு நிலங்களில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டுப் பெற்று வண்டியோடு தங்க வழியுண்டு. அவையும் அவகாசமும் ஒருங்கே வாய்க்கும் இடம் அது. அயல் வண்டிக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடியிருக்க, ஸ்விட்ச் அழுத்தப்பட, மூடி நகர்ந்து பள்ளத்தை மூடுகிறது. கண்டவர் எவரும் நன்று என்று சொல்லி நகர்ந்துவிடுவதில்லை. ஒருவர் மண்டியிட்டுக் கீழே கைவிளக்கைப் பாய்ச்சி, திருகாணிகளை எண்ணி, தாமாக இருந்தால் இதை வேறு விதமாகச் செய்திருப்பதாகக் கூறுகிறார். அவ்வட்டத்தில் இதற்கு மேற்பட்ட மரியாதை வேறில்லை.

மேம்பாட்டாளர் இனம் அருகிப்போகாமல் இருப்பதன் காரணம் வண்டி கைமாறும் முறையில் உள்ளது. வயது முதிர்ந்து வண்டியை விற்க முனையும்போது, அவர் தம் விளம்பரத்தில் என்ஜினுக்கு ஒரு வரியும் படிமூடிக்கு ஒரு பத்தியும் ஒதுக்குகிறார். பயணத்தை விரும்பும் சாதாரண மக்கள் அப்பத்தியைப் படித்ததும் அஞ்சி வேறு வண்டி தேடிப் போய்விடுவதால், அதைப் படித்தபின்னும் வருபவர் அவ்வினத்தவராகவே இருக்கிறார். வந்தவர் விலையைக் கேட்பதற்கு முன்பே மூடியை மும்முறை இயக்கிப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டு எதைப் பொருத்தலாம் என்று சிந்திக்கத் தொடங்குகிறார். விற்பவரும் அதனால் வருத்தமடையாமல், தக்க கையில்தான் வண்டியை ஒப்படைக்கிறோம் என்ற நிறைவோடு சாவியைக் கொடுத்துவிட்டு, துணிக்கூடையை மட்டும் மனைவியாரின் உத்தரவுப்படி எடுத்துக்கொள்கிறார்.