உதைக்கு ஒரு வைத்தியர்

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவனுக்கு வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். பேன்ட்டுக்கு அளவெடுத்த தையல்காரர்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். "கால்ல ஏதும் வீக்கமுங்களா?" என்று கேட்டார். "வண்டிங்க" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவரிடமும் ஒரு காலத்தில் ஒன்று இருந்திருக்கிறது.

என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறந்த 100 சிசி. கம்பெனிப் பெயரைச் சொல்வதாக இல்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள், பாதிப் பேர் திட்டுவதற்கும் மீதிப் பேர் விலைக்குக் கேட்பதற்கும். எனக்கு முன்னால் வைத்திருந்த பையன் அதை மண்ணில் ஓட்டுவதற்கென்றே ஹெட்லைட், இண்டிகேட்டர், சைடு பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டிருந்தான். 2டி ஆயில் பம்ப்பையும் பிடுங்கிவிட்டான். ஆகவே லிட்டருக்கு 30 மில்லி ஆயிலை நாமே அளந்து பெட்ரோலில் கலக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் மருந்து அளக்கும் மூடி எங்கே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கழுவிக் குடிப்பதா வேண்டாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

வீட்டுக்குப் பின்னால் சைட் போட்டு விற்காமல் கிடக்கும் பூமியில் ஞாயிறு காலை இதை ஓட்டுவது என் திட்டம். நடந்ததெல்லாம் அந்தப் பூமியின் ஓரத்தில் நின்று இதை உதைத்ததுதான்.

கோயம்புத்தூரில் பைக்கைப் பிரித்துப் போடுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே 300 ரூபாய்க்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டினார் என்பது இந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சோற்றோடு ஊட்டப்படும் கதை. அதனால் தெருவில் ஒருவன் வண்டியோடு மல்லுக்கட்டினால் இங்கே யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள். ஆளுக்கொரு ஸ்பேனரோடு வருவார்கள். ஸ்பேனர் இல்லாதவர்கள் கருத்தோடு வருவார்கள்.

முதலில் வந்தவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அண்ணன். அவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறும் கரண்ட் கோளாறுதான். பிளக்கைக் கழற்றச் சொன்னார். கேப்பில் மாட்டி, ஹெட்டின் மேல் உடம்பு படும்படி வைத்து உதைத்தால் முனையில் பொறி பறக்க வேண்டும். நீலமாக இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் சவலை. வெயிலில் எதுவும் தெரியவில்லை. "இருங் தம்பி, 11 கே.வி. லைன் பாத்த கை இது" என்று பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் உதைத்தேன். பிளக்குக்குப் போகும் வோல்டேஜும் ஏறக்குறைய அதே கணக்குதான் என்பது அவருக்கு அந்த நொடியில் தெரியவந்தது. ஆம்பியர் கம்மி என்பதால் ஆள் பிழைத்தார். "கரண்ட் இருக்குதுங்" என்று சற்றுத் தள்ளி நின்று அறிவித்தார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிக்காற்றில் பொறி தாவுவது சுலபம். உள்ளே பிஸ்டன் அழுத்திய காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும். வெளியே கம்பீரமாகப் பொறி விடும் பிளக், உள்ளே போனதும் வாயை மூடிக்கொள்வது உண்டு. இதை நான் சொன்னபோது அண்ணன் கேட்கும் நிலையில் இல்லை, விரலை உதறிக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் பழைய ஸ்கூட்டர்காரர். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கப் போட்டு எடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது அவர் மதம். ஸ்கூட்டர் காலத்தில் அதில் நியாயம் இருந்தது, சாய்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் சேரும். என் வண்டியில் பெட்ரோல் தரையில் சேர்ந்தது.

மூன்றாமவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், ஜாவா ஓட்டியவர். அந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். உதைத்து ஸ்டார்ட் செய்தபின் அதையே மடக்கிக் கியர் போட வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றைப் பழக்கியவருக்கு மற்ற வண்டிகள் மேல் ஏளனம் வருவது இயற்கை. "பாயிண்ட்டுல பிசிறு" என்றார். இதில் பாயிண்ட்டே கிடையாது, சிடிஐ என்றேன். "அதான் சொல்றேன், பாயிண்ட் இல்லாததுதான் கோளாறு" என்றார்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருவரும் என் வண்டியைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வாலிபத்தில் தன்னை நடுரோட்டில் நிறுத்திய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளவி கதை சொன்னவரும் அப்படித்தான். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு நுண்துளை உண்டு, அதில் குளவி மண் வைத்து அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். நான் திறந்தேன், உஸ் வரவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து நானே வாயால் சத்தம் கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது.

பெரிய கலவரம் ஆக்ஸிலேட்டர் விஷயத்தில் வந்தது. "நல்லா முறுக்கி உதைங்" என்று ஒரு கட்சி. "தொடவே கூடாதுங்" என்று எதிர்க்கட்சி. வேடிக்கை என்னவென்றால் இருவருமே சரி, நோய்தான் வேறு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரில் கை வைக்கக் கூடாது. த்ராட்டில் மூடியிருந்தால்தான் சோக் வழியாகப் பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் கிடைக்கும். திறந்தால் அந்த இழுப்பு போய்விடும். உதைத்து உதைத்துப் பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிட்டால் வைத்தியம் தலைகீழ்: டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து உதைத்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். இரண்டு கட்சிக்கும் மரியாதை கொடுக்க நினைத்துப் பாதி முறுக்கினால் எந்த நோயும் தீராது. ஜனநாயகத்துக்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இடமில்லை.

என் பங்குக்கு நானும் கார்புரேட்டரைக் கழற்றினேன். ஞாயிறு மட்டும் எடுக்கும் வண்டிக்கு முதல் எதிரி பழைய பெட்ரோல்தான். இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்றால் பெட்ரோலில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மீதி பிசினாகி ஸ்லோ ஜெட்டின் துளையில் போய் உட்காரும். ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியது அந்தச் சின்னத் துளைதான். மெயின் ஜெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உதைக்கும் நேரத்தில் அது வேடிக்கைதான் பார்க்கும். கிளட்ச் கேபிள் நரம்பை விட்டுக் குத்தச் சொன்னார்கள். பித்தளை இளகிய சாதி, குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று ஊதி மட்டும் சுத்தம் செய்தேன். புது பிளக், புது காயில், புது சிடிஐ, அளவுக்கு ஒன்றாக ஜெட்டுகள் என்று கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் அளவுக்கு வாங்கினேன். வண்டி மசியவில்லை.

இதற்கிடையே பக்கத்து வீட்டுப் பையன், சைலன்சர் இன்னரை உருவிப் போட்டால் பறக்கும் என்றான். பறக்காது, அலறும். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினின் உறுப்பு. புகையோடு ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோலை, சைலன்சரில் மோதித் திரும்பும் அலை மறுபடி உள்ளே தள்ளும். இந்தக் கணக்கைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் கம்பெனியில் வால்டர் காடன் பிழிந்து எடுத்தார். 1961இல் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் போட்டியிலிருந்து அப்படியே தப்பி, ரகசியத்தோடு சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு மனிதன் நாட்டை விட்டு ஓடிக் கொண்டுபோன சரக்கை இவன் ஒரு ஸ்க்ரூ கழற்றி வீசச் சொல்கிறான்.

கடைசியில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வண்டியைத் தொடவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"உதைச்சா வரல. தள்ளுனா வருதுங்களா?"

"வருதுங்க."

"வந்தப்புறம் சும்மா நிக்கறப்ப தானா ரேஸ் ஏறுதுங்களா?"

"ஏறுதுங்க."

"மேக்னட் சைடு ஆயில் சீல் போயிருச்சுங்" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

இத்தனை பேர் என் வண்டியைச் சுற்றி நின்றார்கள், இந்த இரண்டு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. ஜோசப் டே என்ற இங்கிலாந்துக்காரர் 1891இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது: பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையே பம்ப்பாக வேலை செய்யட்டும். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அழுத்தி மேலே அனுப்பும். எஞ்சின் மூச்சு விடுவது வயிற்றால். கிராங்க்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்தான் அந்த மூச்சைக் காக்கிறது. அது போனால் பெட்ரோலுக்குப் பதில் வெறும் காற்றை இழுக்கும். தள்ளும்போது கிராங்க் வேகமாகச் சுற்றுவதால் கசியவே நேரமிருக்காது, பிடித்துக்கொள்ளும். காலால் உதைக்கும் வேகத்தில் பாதி கசிந்துவிடும்.

புல்லர் போட்டு மேக்னட்டை எடுத்தார். பின்னால் கரிய எண்ணெய்ப் பிசுக்கு. சீலை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. "இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா காத்து ஜாஸ்தியாகி, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆயிருக்குமுங். ஸ்டார்ட் ஆகாதது உங்க நல்ல நேரம்" என்றார். என் வண்டியைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

புது சீல் ஏறியது. நான் மாட்டியிருந்த ஜெட்டைக் கழற்றிப் பழையதையே போட்டார். சோக்கை இழுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், செருப்புக் காலால் சோம்பலாக ஓர் உதை. சந்து முழுக்க நீலப் புகை. ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணை மூடினார்.

சீலுக்கு வந்த பில் தொகை, கடைக்காரரிடம் நான் கொடுத்திருந்ததற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லும்படி இல்லை. காயில், சிடிஐ, ஜெட் எல்லாம் கிடந்த பையைக் காட்டி, "இதை என்னங்க பண்றது?" என்றேன்.

"வச்சிருங். அடுத்த வண்டிக்கு ஆகும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பட்டறையின் மூலையைப் பார்த்தேன். டேங்க் இல்லாமல், சீட் இல்லாமல், சுவரில் சாய்ந்தபடி ஒரு 175 சிசி.

"அதுங்களா? அது ஸ்டார்ட்டே ஆகாதுங்" என்றார்.

"எவ்வளவுங்க?" என்றேன்.