வரவேற்புரை: ஒரு பக்கம் போதும்

கே: பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை என் பொறுப்பு. எவ்வளவு நேரம் பேசலாம்? (ஆசிரியை, மன்னார்குடி)

ப: மூன்று நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் போகும். தமிழ்த்தாய் வாழ்த்தையே 55 நொடியில் பாடி முடிக்கிறோம். நமக்கு அதைப் போல மூன்று பங்கு நேரம் தாராளம்.

கே: மேடையில் பதினான்கு பேர். எல்லோருக்கும் ‘அவர்களே’ போட வேண்டுமா? (பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர், தேனி)

ப: போடுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் மனத்தாங்கல் வரும், அது நியாயமும்கூட. ஆனால் அழைப்பிதழ் வரிசையில் ஒரே சுற்று. வரவேற்கும்போது இரண்டாம் சுற்று வேண்டாம். தலைப்பெழுத்தையும் பதவியையும் விழா அன்று காலையில் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். அழைப்பிதழ் அச்சானபின் அதிகாரி மாற்றலாகிப் போயிருக்கலாம்.

கே: சிறப்பு விருந்தினரின் பயோடேட்டா இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அப்படியே வாசிக்கலாமா? (கல்லூரி மாணவர், சிவகாசி)

ப: வேண்டாம் தம்பி. அதிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுங்கள்: அவருக்கும் உங்கள் அவைக்கும் என்ன உறவு? உங்கள் கல்லூரியில் படித்தவரா, உங்கள் ஊருக்கு ஒரு நல்லது செய்தவரா? 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சிகாகோவுக்குப் போகச் சொல்லி அவரை ஊக்கியவர்களில் சேதுபதியும் ஒருவர். அந்த வரவேற்பின் கனம் மன்னர் பட்டத்தால் வந்ததல்ல, இந்த உறவால் வந்தது. உங்களுக்கும் விருந்தினருக்கும் நடுவே அப்படி ஒரு நூல் எங்கேயாவது இருக்கும். பயோடேட்டாவில் இல்லையென்றால் போன் செய்து அவரையே கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ந்து சொல்வார்கள். பட்டங்களும் விருதுகளும் அழைப்பிதழில் இருக்கட்டும்.

கே: ‘அறிமுகமே தேவையில்லாதவர்’ என்று சொல்லலாமா? (வாசகி, திருநெல்வேலி)

ப: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவர் புதியவர்தானே? அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பெரியவர்களும் அதைத்தான் ரசிப்பார்கள்.

கே: அவர் பேசப்போகும் தலைப்பில் நானும் நாலு வார்த்தை சொல்லலாமா?

ப: கூடாது. அது அவருடைய இலை.

கே: தாளைப் பார்த்துப் பேசினால் மரியாதைக் குறைவா?

ப: பெயர்களுக்குத் தாளைப் பாருங்கள், பெரிய எழுத்தில் எழுதி. மீதிக்கு முகங்களைப் பாருங்கள்.

கே: பார்வையாளர்களைக் கடைசியில் ‘மற்றும் வந்திருக்கும் அனைவரையும்’ என்று சேர்த்துவிடுகிறோம். போதாதா? (தலைமை ஆசிரியர், அரியலூர்)

ப: போதவே போதாது, ஐயா. மகள் ஆடுவதைப் பார்க்க அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேத்தியின் கையைப் பிடித்து வந்த தாத்தா இருக்கிறார். காலையிலிருந்து மைக் செட்டோடு நிற்கிறவர் இருக்கிறார். விழா இவர்களுக்காகத்தான். மேடையை வரவேற்கும் முன்பே இவர்களை வரவேற்றுப் பாருங்கள். அவையில் சலசலப்பு அடங்கும்.

கே: விருந்தினர் வரத் தாமதம். ‘கொஞ்சம் இழுத்துப் பேசுங்க’ என்று காதில் சொல்கிறார்கள். என்ன செய்ய?

ப: இழுக்காதீர்கள். வந்தவர்களை வரவேற்று முடித்துவிட்டு, பிள்ளைகளை ஆட விடுங்கள். விருந்தினர் வந்ததும் அவருக்கு இரண்டு வாக்கியம் போதும்.