வெளியூர் வாடி

சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூட இல்லாதவரும், ஆயுளில் ஒரு தடவையேனும் ஒரு காளையின் திமிலைத் தொட்டுப் பாராதவரும், ஆயினும் மார்கழி பிறந்த நாள் முதல் ‘நம்ம செவலை’ என்று வாய் நிறைய உரிமை கொண்டாடத் தொடங்கிவிடுபவருமான ஒரு மனிதர், இலுப்பூர்ப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். அவருக்கும் செவலைக்கும் உள்ள சம்பந்தம் யாதெனில், செவலையை வளர்ப்பவர் அவருடைய மைத்துனருக்குப் பங்காளி முறை; மழை பொய்த்த ஒரு வருஷத்தில் நம்மவர் அந்த வீட்டுக்கு அரை மூட்டை பருத்திக்கொட்டை கடனாகக் கொடுத்து, அதைத் திருப்பிக் கேட்காமல் விட்டதும் உண்டு. அந்த அரை மூட்டையின் பலத்தில், காளைக்குக் கிட்டும் ஜயத்தில் சரிபாதி தமக்கு உரியதென்றும், அபஜயம் நேர்ந்தால் அது முழுவதும் வளர்த்தவரையே சாருமென்றும் ஒரு பாகப்பிரிவினையை அவர் மானசீகமாகச் செய்து முடித்திருக்கிறார்.

உள்ளூர் ஜல்லிக்கட்டுப் பந்தயங்களில் அவருக்கு நம்பிக்கை என்ற வஸ்துவே தேவைப்படுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டமோ வாடிவாசல்கள் மலிந்த மாவட்டம். ஜனவரி பிறந்ததும் தச்சங்குறிச்சியில் திறக்கும் வாடி, கோடை வெயில் கொளுத்தும் வரையில் ஊர் ஊராகத் திறந்துகொண்டே போகும். 2019-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு, உலக சாதனை என்று எழுதி வாங்கிய பூமி இது. இங்கே செவலை பிடிபடாமல் போனால் அது இயற்கை. பிடிபட்டாலோ, பிடித்தவன் எப்படியும் அன்னவாசலிலோ குடுமியான்மலையிலோ ஒரு சம்பந்தி வீட்டுப் பிள்ளையாக இருப்பான். நம்ம மாட்டை நம்ம பிள்ளையே பிடித்தான் என்று சொல்லி, தோல்வியையும் வெற்றியையும் ஒரே துண்டில் முடிந்துகொண்டு வீடு திரும்பிவிடலாம்.

அலங்காநல்லூர் அப்படிப்பட்டதன்று. தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று மஞ்சமலை ஆற்றுப் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மதுரைச் சீமை வரிசையாக விரித்து வைக்கும் மூன்று களங்களில், ஒரு காளைக்கு ஏதேனும் ஒன்றில்தான் இடம் என்று அண்மைக் காலத்தில் விதி வந்துவிட்டபடியால், ஒரு வருஷத்து மனக்கோட்டை முழுவதையும் சில நொடிகளின் மேல் கட்ட வேண்டியதாயிற்று. காரும் டிராக்டரும் பரிசாகக் கிடைக்கிற களம். ஊர் கூடிப் பார்ப்பது போதாதென்று தொலைக்காட்சி வழியாக நாடே கூடிப் பார்க்கிற களம். அங்கே திமிலைத் தாவிப் பிடிக்கும் பையன்களில் ஒருவன்கூட நம்மவருக்கு முறை சொல்லிக் கூப்பிடக்கூடியவன் அல்லன் என்பதுதான், யோசித்துப் பார்த்தால், அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும் மூல காரணம்.

இந்தப் பயத்தை எதிர்த்து அவர் திரட்டும் நியாயங்களைக் கேட்பதற்காகவே பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். பிடித்த பிடியை மூன்று துள்ளலுக்கோ, முப்பது நொடிக்கோ, பதினைந்து மீட்டர் தூரத்துக்கோ விடாமல் இருந்தால்தான் மாடு பிடிபட்டதாகக் கணக்கு என்னும் சட்ட விதியை, ஒரு வக்கீலுக்கு உரிய நிதானத்தோடு அவர் முதலில் எடுத்துரைப்பார். பிறகு, செவலையின் முதல் துள்ளல் வாடிவாசலுக்கு உள்ளேயே பாதி முடிந்துவிடுகிறபடியால் வெளியே இரண்டரைத் துள்ளலே பாக்கி என்றும், அந்த இரண்டரையில் மனிதன் தொங்கக்கூடியது ஒன்றேகால்தான் என்றும், தேங்காய்ப் புண்ணாக்குக்கும் பேரீச்சம்பழத்துக்கும் ஆன செலவைக்கூட இத்தனை துல்லியமாகக் கணக்கிட்டறியாத அவர் பின்னங்களில் பேசுவார். குளத்தில் நீச்சல் அடித்த அடியையும், மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறிய ஆவேசத்தையும், தாமே தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல வர்ணிப்பார். பார்த்தது வளர்த்தவரின் மகன். இவர் பார்த்தது அவன் கைபேசியில்.

ஆனால் இவற்றையெல்லாம்விட அவர் மிகவும் சிலாகித்துச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. செவலை ஓடுகிற மாடு அன்று, நின்று விளையாடுகிற மாடு. வெளியே வந்ததும் இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித்தான் குத்த வரும். இந்த ரகசியம் நம்முடைய மாவட்டத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். மதுரைக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே உள்ளூர் வாடிதான் செவலைக்கு ஆபத்து, வெளியூர் வாடியே பாதுகாப்பு என்று அவர் நிரூபித்து முடிக்கையில் எதிரே இருப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். செவலை இடப்பக்கம் சுற்றுகிற அழகைத் தனியாக வெட்டி, பாட்டுச் சேர்த்து, யூடியூபில் ஏற்றச் சொல்லி அந்தப் பையனைப் படாத பாடு படுத்தியவரும், அதை மதுரை மேலூர் வரையில் உள்ள அறிந்தவர் அறியாதவர் எல்லோருக்கும் அனுப்பி வைத்தவரும் இவரே என்னும் விஷயத்தை அந்தச் சமயத்தில் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. ஒரு மனிதரின் சந்தோஷத்தில் மண் போடுகிற வழக்கம் இலுப்பூரில் இல்லை.

தெய்வ காரியத்திலும் அவர் குறை வைப்பதில்லை. ஊருக்குள் எழுந்தருளியிருக்கும் பொன்வாசிநாதரிடம் வழக்கமான அர்ச்சனையோடு நிறுத்திக்கொள்வார்; விசேஷ வேண்டுதல் விராலிமலைக்குத்தான் போகும். அந்த மலையில் முருகப் பெருமானுக்குச் சுருட்டு நைவேத்தியம் செய்கிற சம்பிரதாயம் உண்டு. செவலை பிடிபடாமல் வந்தால் ஒரு கட்டுச் சுருட்டு என்று அவர் நேர்ந்துகொள்ளும்போது, வைத்தியர் சொல்லிச் சுருட்டை விட்டு நாலு மாதம் ஆன அந்த மனிதரின் முகத்தில் தோன்றும் பக்திப் பரவசத்தை அவருடைய சம்சாரம் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள்.

பயமே அவருக்கு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2018 பிப்ரவரியில், அப்போது அமைச்சராக இருந்த விஜயபாஸ்கரின் பேர்பெற்ற கொம்பன் காளை, தென்னலூர் வாடிவாசலிலிருந்து பாய்ந்து வருகையில் கட்டையில் மோதி உயிர்விட்டது. அன்று நம்மவர் சாப்பிடவில்லை. அது இன்னொருவரின் காளை. அதில் அவருக்கு அரை மூட்டைப் பாத்தியதைகூடக் கிடையாது. அவரைப் பற்றி எழுத வந்ததில் இந்த ஒன்றை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் வாடிகள் அடைபட்டு, 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் இளைஞர்கள் உட்கார்ந்து எழுந்த பிறகு அவை திறக்கும் வரையில், நம்புவதற்கு ஒரு களமும் இல்லாமல் அவர் கழித்த தைத் திருநாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் சொல்லாமலே ஊகிக்கலாம். 2023-இல் ஐந்து நீதிபதிகள் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்ன செய்தி வந்த பத்திரிகைத் துண்டு இன்னமும் அவர் வீட்டு நிலைக்கண்ணாடியின் பின்னால் இருக்கிறது.

புறப்படுகிற இரவும் வந்தது. செவலைக்கு நெற்றியில் சந்தனம் இட்டு, குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். காளையோடு களத்துக்குப் போக உரிமையாளருக்கும் ஓர் உதவியாளருக்கும்தான் அநுமதி; அந்த உதவியாளர் தாமே என்று ஒரு மாத காலமாக நினைத்திருந்த நம்மவர், வளர்த்தவரின் மகன் ஏற்கெனவே புதுச் சட்டையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, வெளியூர்க் களத்தில் இளரத்தம் பக்கத்தில் இருப்பதே மாட்டுக்கு உத்தமம் என்று உடனே அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, விராலிமலைக்குப் போய் மதுரைப் பேருந்தைப் பிடிக்கத் தீர்மானித்தார்.

அப்போதுதான் வண்டி ஓட்டுகிற பையன், கைபேசியில் டோக்கனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மாமா, எண்ணூத்துச் சொச்சம் நம்பருல்ல விழுந்திருக்கு! நம்ம முறை வாரதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். போன வருசமும் நேரம் முடிஞ்சிருச்சுன்னு எத்தனையோ மாட்ட அவுக்காமலேயே திருப்பி விட்டுட்டாங்கெ.”

கூட்டம் நம்மவர் முகத்தைப் பார்த்தது. வளர்த்தவர் பெருமூச்சு விட்டார். நம்மவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணமே அவருக்கு அதிகம்.

“அவுக்காட்டிப் போகுது, மாப்ளே! அலங்காநல்லூர் வரைக்கும் போயிப் பிடிபடாமத் திரும்புன மாடுன்னு நான் சொன்னா, நாளைக்கு இலுப்பூர்ல எவன் இல்லைன்றுவான்? பேசிக்கிட்டு நிக்காம அந்தப் பருத்திக்கொட்டை மூட்டையைத் தூக்கி ஏத்து. பாதி நம்மளுது.”