கபடிக் குழுக்களை எடை போடும் கலை

கீழப்பழுவூர் வட்டாரத்தில் ஊர்க்குழுக்கள் மோதும் மின்னொளி கபடித் தொடர், பொங்கலை ஒட்டியோ கோயில் திருவிழாவை ஒட்டியோ மாலையில் தொடங்கி, மறுநாள் பால்காரர் வரும் நேரத்தில் முடிவது. எந்த அணி கோப்பையைத் தூக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது இதில் ஒரு தனிக் கலை. திருச்சி, அரியலூர், தஞ்சாவூர்ச் சாலைகள் கூடும் ஊர் என்பதால் எல்லாத் திசையிலிருந்தும் வேன்கள் வந்து நிற்கும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஒதுங்கி நின்று டீ குடிப்பவர்கள், ஆட்டக்காரர்கள் வேனை விட்டு இறங்கும்போதே கணக்கைப் போட்டுவிடுவார்கள். இக்கலைக்குப் பட்டமோ சான்றிதழோ கிடையாது. ஒரு காலத்தில் கபடி ஆடியிருக்க வேண்டும், அல்லது ஆடியதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்; இதுதான் தகுதி. இரண்டாம் வகையினரே எண்ணிக்கையில் அதிகம். கருத்தை உரக்கச் சொல்பவர்களும் அவர்களே.

மதிப்பீட்டுக்கு முதல் ஆதாரம் நோட்டீஸ். மேலே சாமி படம், அடுத்துத் தலைவர்கள் படம், அதற்கடுத்துப் பரிசு தருவோர் படம், மிச்சமிருக்கும் இடத்தில் பொடி எழுத்தில் விதிமுறைகள் என்பது அதன் அமைப்பு. புதியவர் மேலிருந்து படிப்பார்; பழகியவர் கீழிருந்து படிப்பார். எடை எத்தனை கிலோ, வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்க்கலாமா, ஆட்டம் மண்ணிலா ரப்பர் மேட்டிலா, நாக் அவுட்டா லீக்கா என்ற நான்கும் தெரிந்தால் பாதி அணிகளை அங்கேயே கழித்துவிடலாம். 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற வரியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அதை எந்த அணியும் எடுத்ததில்லை.

இரண்டாவது விதிதான் வம்பு. 'ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும், அசல் ஆதார் அட்டையுடன் வரவும்' என்று போட்டிருந்தால் ஓர் அணியின் பலம் அந்த ஊரின் பலம். அப்படிப் போடாவிட்டால், அது அந்த அணி மேலாளரின் செல்போனில் உள்ள எண்களின் பலம். அயர்லாந்தில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே கேலிக் கால்பந்து என்றொரு ஆட்டம் உண்டு. 1884-ல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதை நடத்துகிறது. சம்பளம் கிடையாது, சொந்த வட்டாரத்துக் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும், நினைத்தபோது மாறிவிட முடியாது. மாவட்டத்தில் ஜெயித்த கிளப், மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் என்ற நான்கு மாகாணங்களில் தன் மாகாணக் கோப்பைக்கு ஆடும்; அதிலும் ஜெயித்தால் தேசியக் கோப்பை. யாருக்கு வாய்ப்பு என்பதைப் பந்தய நிறுவனங்கள் சட்டப்படியே விலை போட்டு அறிவிக்கும். கீழப்பழுவூர்ப் பக்கம் அந்த விலை ஒரு டீ, இரண்டு போண்டாவைத் தாண்டுவதில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு எந்த ஊர்க்காரராக இருந்தவர் எட்டு மணிக்கு எந்த ஊர்க்காரர் ஆவார் என்று விலை போட அயர்லாந்துக்காரரால் முடியாது.

அடுத்தது எடை மெஷின். கபடிக் கூட்டமைப்பு விதிப்படி ஆண்களுக்கு உச்சவரம்பு 85 கிலோ. ஊர்த்தொடர்களில் 60, 65, 70 என்று குறைத்து வைப்பார்கள். 65 கிலோ தொடரில் பெயர்பெற்ற ரைடர் ஒருவர் மெஷினில் ஏறுகிறார். முள் 65-ஐத் தாண்டி நிற்கிறது. பனியனைக் கழற்றுகிறார். கைக்கயிற்றைக் கழற்றுகிறார். அரைஞாண் கயிற்றில் கை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறார்.

"அண்ணே, நானூறு கிராம்தாண்ணே. மத்தியானம் தின்ன பிரியாணி."

"அதை யாருடா தின்னச் சொன்னா? கிரவுண்டைச் சுத்தி ஓடிட்டு வா."

அவர் ஓடுகிறார். திரும்பி வந்து ஏறினால் முன்னூறு. மறுபடி ஓடுகிறார். கடைசியில் மெஷின் இளகுகிறதோ, மெஷினைப் பார்ப்பவர் இளகுகிறாரோ, சீட்டில் 65 என்று விழுகிறது. இந்த இடத்தில் மதிப்பிடுபவர் அந்த அணிக்கு ஒரு படி குறைக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு ஆட்டத்தின் தெம்பு மைதானத்தைச் சுற்றியே போய்விட்டது. அதே வரிசையில் பின்னால் நின்று, 61 கிலோவோடு ஏறி இறங்கிப் போனவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

போட்டிக்கு வரும் அணிகளை ஆறு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தொடரை நடத்தும் உள்ளூர் 'ஏ' அணி. சொந்த மண், சொந்தக் கூட்டம், மைக்கில் இருப்பவர் சொந்தக்காரர். ஆனால் காலையிலிருந்து டியூப்லைட் கட்டியதும், கோடு போட சுண்ணாம்புப் பொடி தூக்கியதும், வந்த அணிகளுக்குச் சாப்பாடு போட்டதும் இந்த ஏழு பேர்தான். இவர்கள் ஜெயித்தால், 'அவுங்க தொடரு, அவுங்களே எடுத்துக்கிட்டாங்க' என்று வெளியூர் சொல்லும். தோற்றால் உள்ளூர் சொல்வதை அச்சில் ஏற்ற முடியாது. மூன்றாம் பரிசு இவர்களுக்குக் கௌரவமான இடம். பெரும்பாலும் அதில்தான் வந்து நிற்பார்கள்.

இரண்டாம் வகை, உள்ளூர் 'பி' அணி. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள். அட்டவணையில் ஓர் இடம் காலியாக இருந்ததால் பிறந்த அணி. எதிரே நிற்பவரின் பெயர் தெரியாததால் பயமும் கிடையாது. இரண்டு மூன்று தொடருக்கு ஒருமுறை பெரிய அணி ஒன்றை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பி, அத்தனை பேர் கணக்கையும் கெடுப்பது இவர்கள்தான்.

மூன்றாம் வகை, பக்கத்து ஊர் அணி. கோப்பையை வாங்குவது இவர்கள் நோக்கமல்ல. நடத்துபவர் கோப்பையை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். இரண்டு ஊருக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு என்பதால், கோட்டுக்கு இந்தப் பக்கம் மாமனும் அந்தப் பக்கம் மச்சானுமாக நிற்பார்கள். பிடி அதனால் இன்னும் இறுகும். உள்ளூர் அணியைச் சாய்த்த திருப்தியில் அடுத்த ஆட்டத்தை இவர்கள் கோட்டைவிடுவது வழக்கம்.

நான்காம் வகை, கொள்ளிடத்துக்குத் தெற்கேயிருந்து வரும் அணி. இவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. 2016-ல் பட்னா பைரேட்ஸ் இரண்டாம் முறை புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்த தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் அபினேஷ், மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர். ஆகவே கொள்ளிடத்தின் திருமானூர்ப் பாலத்தைத் தாண்டி ஒரு வேன் வருகிறது என்றாலே எதிரணிக்குப் பாதி உயிர் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்து ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் பிடித்துப் போட்டுக்கொண்டு 'தஞ்சாவூர் டீம்' என்று பதிவு செய்பவர்களும் உண்டு. வந்திருப்பது எது என்று அறிய வழி எளிது. மெய்யான தெற்கத்தி அணி ஆட்டத்துக்கு முன்பு பேசாது.

ஐந்தாம் வகை, விளையாட்டு விடுதி அல்லது கல்லூரி அணி. ஒரே நிற ஜெர்சி, விசிலோடு பயிற்சியாளர், வரிசையாக நின்று உடற்பயிற்சி. அதைப் பார்க்கும் கூட்டம் இவர்களுக்கே கோப்பை என்று முடிவு கட்டும். ஆனால் மேட்டில் ஷூவோடு பழகிய கால் மண்ணில் வெறுங்காலாக நிற்கும்போது முதல் பத்து நிமிடம் கணக்குத் தப்பும். அந்தப் பத்து நிமிடம் போதும், ஏழு பேரும் வெளியேறி ஒரு லோனா விழுவதற்கு.

ஆறாம் வகை, சீனியர்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தொப்பையும் விழுந்தவர்கள். முப்பது விநாடி ரைடில் எந்த விநாடியில் பையன் மூச்சு திணறுவான் என்று தெரிந்தவர்கள். முதல் இரண்டு ஆட்டம் வரை இவர்களை வெல்வது கடினம். மூன்றாவது ஆட்டத்தை முழங்கால் முடிவு செய்யும். முழங்காலில் எத்தனை கிரேப் பேண்டேஜ் என்று எண்ணித்தான் இவர்களுடைய அனுபவத்தை அளப்பார்கள். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 'பொன்னியின் செல்வ'னில் கல்கி, பழுவூர்ச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையருக்கு 64 விழுப்புண்களைக் கொடுத்தே வீரத்தைச் சொன்னார். பழுவூரில் அதே கணக்குமுறை மருந்துக்கடை வழியாகத் தொடர்கிறது.

வகை பிரித்தபின் ஆட்டக்காரரைப் பார்க்க வேண்டும். இங்கேதான் மதிப்பிடுபவர் பெரும்பாலும் சறுக்குகிறார். அவர் கண் ரைடரை விட்டு அகலாது. ரைடர் தொடையைத் தட்டுவார், பறப்பார், முடியைக் கோதுவார், வீடியோவில் வருவார். ஆட்டத்தை முடிப்பவரோ மூலையில் குனிந்து நிற்கும் கார்னர். எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் புள்ளி செல்லும். ரைடர் அதை எடுக்கப் பாக் லைனைத் தாண்டி வந்து, இன்னும் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டித் துழாவுகிறார். கார்னர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை; முகம் பொய் சொல்லும். தோளையும் பார்ப்பதில்லை. இரண்டு கையும் புழுதியை உரச, கணுக்காலை மட்டும் பார்க்கிறார். நீட்டிய கால் தரையில் ஊன்றி உடம்பின் பாரம் அதில் இறங்கும் இமைப்பொழுதில் விழுந்து கட்டுகிறார். அதே மூச்சில் பக்கத்தில் நிற்கும் கவர் ஓடிவந்து இடுப்பில் மோதுகிறார். புழுதி அடங்கும்போது ரைடர் கீழே கிடக்கிறார். நடுக்கோடு அவர் விரலுக்கு எட்டவில்லை. கூட்டம் கவரின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. கணுக்காலை விட்டுவிட்டு எழுந்து மூலைக்குத் திரும்பும் கார்னர்தான், அந்த 61 கிலோக்காரர்.

அரை விநாடி முந்திப் பாய்ந்திருந்தால் அவருக்குக் கிடைப்பது 'அவசரக்குடுக்கை' என்ற பட்டம். இந்தப் பட்டத்துக்குப் பயந்து பிடிக்காமல் நிற்கும் கார்னரைக் கொண்ட அணி எத்தனை நல்ல ரைடரை வைத்திருந்தாலும் அரையிறுதியைத் தாண்டாது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி, ரைடர் பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை புரோ கபடியில் எந்த ஆட்டக்காரருக்கும் அந்த விலை போனதில்லை. அவ்வாண்டு அணியைப் பற்றிய எல்லா மதிப்பீடும் அந்த ஒரு பெயரில் தொடங்கி அதிலேயே முடிந்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. தலைவாஸ் அந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புதுப் பையன் ரைடு பார்த்துக்கொள்ள, சாகரும் சாஹில் குலியாவும் இரண்டு மூலையில் நின்றார்கள். இப்படி வரும் என்று தனக்குத் தெரியும் என டீக்கடையில் சொன்னவர்கள் எல்லாரும் அரையிறுதிக்குப் பிறகே சொன்னார்கள்.

ஆட்டக்காரருக்கு அடுத்து அட்டவணை. குலுக்கலில் 'பை' விழுந்த அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். இது அதிர்ஷ்டம் போலத் தோன்றும். ஒன்பது மணிக்கு உடம்பைச் சூடாக்கிவிட்டு ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருக்கும் அணிக்கு அது தண்டனை. இடையில் பசிக்கும், பரோட்டாக் கடை திறந்திருக்கும். ஆடும் நேரத்தில் நான்கு பரோட்டாவோடு ரைடு போகிறவரைப் பிடிக்க கார்னரே தேவையில்லை.

ஆகவே நேரமும் மதிப்பீட்டில் ஓர் அங்கம். இரவு பத்து மணிக்குச் சிறந்த அணி வேறு. விடியற்காலை மூன்று மணிக்குச் சிறந்த அணி வேறு. மூன்று மணிக்குப் பனி இறங்கி மண் ஈரமாகும். தொட்டுவிட்டு ஓடும் ரைடருக்குக் கால் வழுக்கும். நின்று பிடிப்பவருக்கு மண் உதவும். கூட்டம் பாதி கலைந்திருக்கும், மீதி சாக்கு விரித்துப் படுத்திருக்கும். கைத்தட்டலில் ஆடும் ரைடர் அதோடு வாடிப்போவார். பெஞ்சில் உட்காரும் ஐந்து மாற்று ஆட்டக்காரரும் விழித்திருக்கும் அணிக்கு இந்த நேரத்தில் ஒரு படி கூட்டலாம். சமநிலையில் முடிந்து ஐந்து ஐந்து ரைடு என்று போனால், விழித்திருக்கும் கார்னர் உள்ள அணியே ஜெயிக்கும்.

கடைசி அங்கம், முடிவு தெரிந்தபின் மதிப்பீட்டைத் திருத்துவது. தேர்ந்தவர் 'நான் சொல்லல?' என்று மட்டும் கேட்பார். என்ன சொன்னார் என்பதைக் கேட்டவருக்கும் அந்த நேரத்தில் தூக்கம் வந்திருக்கும். பரிசளிப்பு முடிந்ததும் பல அணி மேலாளர்கள் சிறந்த ரைடரைச் சூழ்ந்துகொண்டு அவர் எண்ணை வாங்குவார்கள். யாராவது ஒருவர் அந்தக் கூட்டத்தில் சேராமல், குழாயடியில் முழங்கைப் புழுதியைக் கழுவிக்கொண்டிருக்கும் 61 கிலோக்காரரிடம் போய் நின்றால், அவர் எந்த ஊர் மேலாளர் என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தொடரில் அவருடைய அணியை இரண்டு படி மேலே வைக்கலாம்.