கேள்வி மேசை: நாற்காலிக்கு முந்தைய பாடம்

● உதவித் தலைமையாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் என்னங்க வித்தியாசம்?
– ஒரு பெற்றோர், அடுக்கம்

ஒரு கையெழுத்து. முன்னவர் கோப்பைத் தயார் செய்து நீட்டுகிறார். பின்னவர் கையெழுத்துப் போடுகிறார். நாளை தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

● பதவி உயர்வுக்கு என்ன படிக்க வேண்டும்?
– பட்டதாரி ஆசிரியர், பெரியகுளம்

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வுகளை முடித்திருக்க வேண்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கணக்கு, அலுவலக நடைமுறை, கல்வித் துறை விதிகள் எல்லாம் அதில் வரும். அவசியமான படிப்புதான். ஆனால் பேசிக்கொள்ளாத இரண்டு ஆசிரியர்களை ஒரே வகுப்புத் திட்டத்தில் சேர்ப்பது எப்படி என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. மூன்று நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்றும் கேட்பதில்லை.

● சீனியாரிட்டி போதாதா?
– பண்ணைக்காடு

வரிசையில் நிற்க அது போதும், பள்ளியை நடத்தப் போதாது. இருபது வருடம் அருமையாகக் கணக்குப் பாடம் நடத்தியவரைத் திடீரென்று திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் அறையில் உட்கார வைக்கிறோம். ஒரே நாளில் நல்ல ஆசிரியர் ஒருவரை இழக்கிறோம். தலைவர் கிடைத்தாரா என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரிகிறது. சிங்கப்பூரில் தேர்ந்தெடுத்த துணை முதல்வர்களைத் தேசியக் கல்விக் கழகத்துக்கு அனுப்பி, பல மாத முழுநேரப் பயிற்சி தருகிறார்கள். 2001 முதல் இது நடக்கிறது. நம் நாட்டில் டெல்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கான மையம் 2012இல் வந்தது. ஆனால் நம்மிடம் பயிற்சி பெரும்பாலும் பதவிக்குப் பின்னால் வருகிறது. முன்னால் வர வேண்டும் என்பதே என் கட்சி.

● பயிற்சியே இல்லாமல் பள்ளி நடத்தியவர்கள் இல்லையா?
– கொடைக்கானல்

உங்கள் ஊரிலேயே உண்டு. 1901இல் ஹைகிளெர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அதை முதலில் கவனித்துக்கொண்டவர் மார்கரெட் எட்டி என்ற அம்மையார். பிள்ளைகள் 13 பேர். அந்த அம்மாளிடம் யாரும் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளம்) பதிவு கேட்கவில்லை.

● டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தீர்ப்பு பதவி உயர்வைப் பாதிக்குமா?
– இடைநிலை ஆசிரியை, வத்தலக்குண்டு

ஆம். 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் டெட் இல்லாமலே பணியில் நீடிக்கலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம். புத்தகத்தை எடுங்கள் அம்மா.

● எங்கள் மலையில் இரண்டு ஆசிரியர் பள்ளிகள்தான். அங்கே துணைத் தலைவர் ஏது?
– அடுக்கம்

இரண்டாவது ஆசிரியரே துணைத் தலைவர்! தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் எல்லா வகுப்பும், காலை உணவும், மதிய உணவும், வாசலில் வந்து நிற்கும் பெற்றோரும் அவர் பொறுப்பு. கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலை ஏறும் சாலையில் மழைக்கு மண் சரிவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை நாளில் பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது, யாருடன் அனுப்புவது என்று அங்கேயே அப்போதே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைத் தனியே ஒரு முறை எடுத்தவர் பாதித் தலைமையாசிரியர். ஆனால் பொறுப்பை மட்டும் தந்து, பதிவேடுகளைப் பூட்டிவைத்துப் போகிறார்கள். மறுநாள் வந்து, 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்பதோடு சரி. 'எப்படி யோசித்தீர்கள்?' என்று கேட்டால் அதுவே பயிற்சி.

● நான் இன்றே என்ன செய்யலாம்?
– உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பழனி

சாவிக்கொத்தில் ஒன்றை உங்கள் உதவித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள் ஐயா. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அவர்கள் கேட்கும் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்லிப் பழக அதைவிட நல்ல இடமில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் உதவித் தலைமையாசிரியர் பேசட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.