பதினான்கு பூண்டி ஆழம்

திருவள்ளூர் மாவட்டத்தில் பழைய டைவிங் வாட்ச் சேர்ப்பவனுக்கு முதல் எதிரி பூகோளம். பூண்டி ஏரி தளும்பி நின்றாலே 35 அடிதான். புழல் 21 சொச்சம். பழவேற்காடு ஏரி பார்வைக்குக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். இறங்கினால் பல இடங்களில் இடுப்பு நனைவதே கஷ்டம். என்னிடம் உள்ள கிழட்டு சீகோவின் முதுகிலோ 150 மீட்டர் தாங்கும் என்று பொறித்திருக்கிறது. பூண்டியைப் பதினான்கு தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதற்கு வேலை வரும்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: "வாட்ச்சுக்குத் தெரியும்."

டைவிங் வாட்ச் வம்சம் தழைத்தது 1953 வாக்கில். பிளாங்பெய்ன் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ், பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக உருவானது. ரோலெக்ஸ் சப்மரைனரும் ஏறக்குறைய அதே வயசு. டயலைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி, நிமிஷ முள்ளுக்கு நேராக நிறுத்திவிட்டுக் குதித்தால், சிலிண்டரில் காற்று எவ்வளவு நேரமாகச் செலவாகிறது என்று தெரியும். எங்கள் வீட்டிலும் அந்த வளையம் சிலிண்டர் கணக்குக்குத்தான் உதவுகிறது. இட்லிக்குப் பத்து நிமிஷம்.

நம்மூரில் கண்ணில் படக்கூடிய பெரிய பெயர் ஃபேவர் லூபா. 1737-இல் தொடங்கிய சுவிஸ் கம்பெனி, 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. நம் தாத்தாக்கள் பலரின் மணிக்கட்டில் இருந்த சீ சீஃப், சீ கிங் எல்லாம் அதன் பிள்ளைகள். கடல் பெயரில் மட்டும். நிஜமான கடல் சரக்கு 1968-இல் வந்த பாத்தி. பின்மூடியில் ஓட்டைகள், உள்ளே ஒரு மெல்லிய தகடு. தண்ணீர் அதை அழுத்த அழுத்த, எத்தனை ஆழம் என்று ஒரு முள் காட்டும். அதில் 50 மீட்டர் வரை அளவு உண்டு. பூண்டிக்குக் கொண்டுபோனால் அந்த முள் பத்தைத் தாண்டியதும் படுத்துவிடும்.

2011-இல் டைட்டன் இந்தக் கம்பெனியையே வாங்கியது. டைட்டனில் நம் அரசு நிறுவனமான டிட்கோவும் பங்குதாரர். ஆக, சில வருஷம் ஃபேவர் லூபாவில் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு திருகாணி சொந்தமாக இருந்தது. இதைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் பெருமை வருவதில்லை.

சந்தையில் கவனம் வேண்டும். ஐம்பது வயசு வாட்ச்சின் டயல் கிளிப்பச்சையில் பளபளத்தால், அது பெயின்ட் அடித்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்து வீங்கியிருக்கும், நிமிஷக் கோடுகள் மணி காட்டும் கட்டைகளுக்கு நேராக நிற்காது, ரேடியம் புள்ளி வரம்பு மீறி வழிந்திருக்கும். "கம்பெனி டயல் சார்" என்பார் கடைக்காரர். எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லமாட்டார்.

கும்மிடிப்பூண்டிக்காரனுக்குக் கூடுதலாக ஒரு கண்டம் உண்டு. சிப்காட்டின் இரும்பு உருக்கும் ஆலைகளில் ஸ்கிராப் தூக்குவது காந்தக் கிரேன். அதன் பக்கம் போனால் வாட்ச்சின் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வாட்ச் தலைதெறிக்க ஓடும். கடலடி அழுத்தத்துக்கு அசையாத ஜீவன், பழைய இரும்புக் குவியலருகே புத்தி பேதலிக்கிறது. ஷிப்ட் முடியுமுன்பே முடிந்துவிட்டதாக அறிவிக்கும் வாட்ச் என்பதால் தொழிலாளர்களிடம் அதற்கு ஏக மரியாதை. மேனேஜ்மென்ட் மட்டும் சங்கைத்தான் நம்புகிறது.

காந்தம் இறக்க மெஷின் இருக்கிறது. ரிப்பேர்க்கார பாய் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தருவார்: "டைவிங் வாட்ச்தான் சார். ஆனா குளிக்கிறப்போ கழட்டி வெச்சிருங்க." உள்ளே இருக்கும் ரப்பர் வாசர் காய்ந்து முறுக்காகியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் போதும், இயந்திரம் துருப்பிடிக்க.

இதே மாவட்டத்தில், பழவேற்காட்டுச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். முழு நேரமும் தண்ணீரில் இருக்கும் அந்தக் கைகளில் வாட்ச் இல்லை. வாட்ச் வைத்திருக்கும் நான் மழை தூறினால் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தாவின் ஃபேவர் லூபா கிடந்தால், டயலுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். அழுக்கோடு அப்படியே இருக்கட்டும். கடல் என்று பெயர் போட்டிருக்கிறதே என்று தயவுசெய்து தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்.